கடைசிவரி அக்காவும் என் வில் நடுக்கமும்

ஒரு பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற கவலையே இல்லாமல் வயலின் வாசித்த ஒரே மனிதப் பிறவி எங்கள் கடைசிவரி அக்காதான் என்று நான் எந்தக் கோயில் வாசலில் நின்றும் சத்தியம் செய்வேன். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு போடிங் வீட்டில் நானும் அவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். பகலில் அவருக்குக் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் வேலை. எந்தக் கப்பல் முதலில் வருகிறது, எது அதற்குப் பிறகு வருகிறது என்று ஒழுங்கு பிசகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த ஒழுங்கையெல்லாம் கந்தோரிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார் போலிருக்கிறது. மாலையில் வயலினைக் கையில் எடுத்தால் உலகம் தலைகீழாகிவிடும்.

முதலில் பாட்டின் கடைசி வரியை வாசிப்பார். அது நெளிவு சுளிவோடு சரியாக வந்ததும் அதற்கு முந்தைய வரியைச் சேர்த்துக்கொள்வார். பிறகு அதற்கும் முந்தையது. இப்படியே பின்னாலிருந்து ஏறி ஏறிப் பல்லவிக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். வந்து சேர்ந்ததும் அந்தப் பாட்டில் அவருக்கு ஆர்வம் போய்விடும். அடுத்த பாட்டின் கடைசி வரிக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாப் பாட்டின் முடிவும் தெரியும், ஒன்றின் தொடக்கமும் தெரியாது.

"ஏனக்கா இப்பிடி?" என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"முன்னுக்கிருந்து பழகினா தொடக்கம் மட்டும்தான் நல்லாத் தெரியும். போகப் போகத் தெரியாத இடம் வரும், பயம் வரும். பின்னுக்கிருந்து பழகினா போகப் போக நல்லாத் தெரிஞ்ச இடம் வரும். வேலை முடிஞ்சு வீட்டை போற மாதிரி. விளங்குதோ?"

எனக்கு விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. அவரோடு பேசினால் எப்போதும் இந்த நிலைமைதான்.

ஒரு நவராத்திரிக்கு வீட்டுச் சொந்தக்காரி அன்ரி, சாமியறையில் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி அக்காவைக் கேட்டார். அயலட்டைப் பெண்களெல்லாம் பட்டுச் சேலையில் வந்து பாயில் அமர்ந்திருந்தார்கள். அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டி, சாமிப் படத்தைப் பார்த்தபடி கடைசி வரியை வாசித்து நிறுத்தினார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் கைகூப்ப, அன்ரி கற்பூரத் தட்டைத் தூக்கினார். அக்கா மறுபடி தொடங்கினார். அன்ரி தட்டைக் கீழே வைத்தார். கடைசி வரி வந்தது. தட்டு மேலே போனது. அக்கா இன்னொரு வரியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். இப்படித் தட்டு ஏறி இறங்கிக்கொண்டேயிருக்க, அவல் முடிந்தது, சுண்டல் முடிந்தது, வந்தவர்களும் ஒவ்வொருவராக முடிந்தார்கள். அன்ரி சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். திடுக்கிட்டு எழுந்து, "என்ன பிள்ளை, முடிஞ்சுதோ?" என்றார்.

"இப்பதான் அன்ரி தொடக்கம் வந்திருக்கு," என்றார் அக்கா.

இந்த ஞானம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்றால், போனிலிருந்து. மேடைப் பயம், மூளை, நரம்பு, பயிற்சி என்று வெளிநாட்டு நிபுணர்கள் பேசுகிற வீடியோக்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பார். நேரம் போதாது என்று வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தும் பாதியில் மேலதிகாரி வந்துவிடுவார். அதனால் உலகத்து நிபுணர்கள் எல்லாருடைய முதல் பாதியும் அக்காவுக்கு அத்துப்படி. இரண்டாவது பாதியில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பாட்டைக் கடைசியில் தொடங்குகிறவர் வீடியோவை மட்டும் ஏன் கடைசி வரை பார்ப்பதில்லை என்று கேட்டேன். "அது வேறை, இது வேறை," என்று முடித்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம் நான் ஏன் போய் மாட்டினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கந்தளாய்க்காரி. வயலினில் பட்டம் பெற்றவள். சங்கீத ஆசிரியர் நியமனத்துக்கான வாசிப்புப் பரீட்சைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் மண் கவ்வினவள். தனியே அறைக்குள் இருந்து வாசித்தால் என் வாசிப்புக்கு நானே தலையாட்டுவேன். ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டால் என் வலது கை என்னுடையதாக இராது. வில் தந்தியில் நிற்காமல் துள்ளும். முதல் முறை வயலின் பாடவில்லை, இருமியது. இரண்டாவது முறை மோகனத்தில் புறப்பட்டு வேறெங்கோ போய் இறங்கினேன். அது எந்த ராகம் என்று பரீட்சகர்கள் தங்களுக்குள் வாக்குவாதப்பட்டதாகக் கேள்வி.

வயதெல்லை காரணமாக மூன்றாவது முறைதான் எனக்குக் கடைசி முறை. அதுவும் போனால் கந்தளாயில் தம்பியின் வாகன ரயர் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். தம்பி பாசக்காரன். எனக்கென்று ஒரு கதிரை வாங்கிக் கடையில் போட்டுவிட்டு, அதன் படத்தையும் போனில் அனுப்பியிருந்தான். சுற்றிவர ரயர் அடுக்கி நடுவில் கதிரை இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் அக்கா என் அறைக்குள் வந்தார்.

"வில்லைப் பிடிச்சா கை நடுங்குது அக்கா," என்றேன்.

"நடுங்குதோ? நல்லது!" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. "உம்மடை உடம்பு ஆயத்தமாகுது. யானையைக் கண்டா ஓடுறதுக்கு உடம்பு ஆயத்தமாகுதெல்லோ, அதுதான் இது. இனிமேல் 'பயமாயிருக்கு' எண்டு சொல்லாதையும். 'ஆயத்தமாகிறன்' எண்டு சொல்லும்."

"அக்கா, நாங்கள் கந்தளாய் ஆக்கள், யானை திரியிற ஊர். யானையைக் கண்டா நாங்கள் வயலின் வாசிக்கிறேல்லை."

"அதுதான் பிழை விட்டனீங்கள்," என்றார். யார் பிழை, என்ன பிழை என்று கேட்பதற்குள், நாளையிலிருந்து பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் பயிற்சி மாடிப்படியில். பரீட்சை அன்றைக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். அதனால் இன்றைக்கே அதை அடிக்கவிட்டு, அடிக்கிற நெஞ்சோடு வாசித்துப் பழக வேண்டும். இது அவருடைய கணக்கு. நான் படிகளில் மேலும் கீழுமாக ஓட வேண்டும். மூச்சு வாங்கி நாக்குத் தள்ளும்போது சட்டென்று உட்கார்ந்து வில்லை எடுக்க வேண்டும். முதல்நாள் நான் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு அன்ரி குசினியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு பாய்ந்து வந்தார்.

"பிள்ளையள், எங்கை நெருப்பு?"

"நெருப்பில்லை அன்ரி, பயிற்சி," என்றார் அக்கா.

அன்ரி வாளியோடு நின்று என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். தண்ணீரை யார் தலையில் ஊற்றுவது என்று யோசித்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இரண்டாவது, ஐஸ். பரீட்சை மண்டபத்தில் ஏசி இருக்கும், விரல் விறைக்கும், அந்த விறைத்த விரலோடும் பழக வேண்டும் என்று அக்கா கண்டுபிடித்தார். வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவரின் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை வாங்கி என் இரண்டு கையிலும் பொத்திவைப்பார். கை மரத்ததும் வயலினை நீட்டுவார். என் விரல், வில், வயலின், சட்டை எல்லாவற்றிலும் பாரை மீன் மணத்தது. அயலில் உள்ள பூனைகளெல்லாம் நான் வாசிக்கத் தொடங்கியதும் வந்து சுற்றி அமர்ந்து கடைசி வரை அசையாமல் கேட்டன. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஆகப் பொறுமையான சபை அதுதான்.

மூன்றாவது பயிற்சிக்கு வயலினே தேவையில்லை. மனதுக்குள் வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தன் சித்தி வீட்டுக்கு நிலாவெளி போவார். என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை மனதில் ஓடவிட்டு, இடது கை விரல்களை வலது முன்கையில் அழுத்தி வாசிக்க வேண்டும். தலையும் சேர்ந்து ஆடும். உதடும் முணுமுணுக்கும். ஒருநாள் முன் ஆசனத்திலிருந்த வயதான அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"எந்த அம்மாள் பிள்ளையிலை வந்திருக்கிறா?" என்று அக்காவிடம் பக்தியோடு கேட்டார்.

அக்காவுக்குப் பகிடி தெரியாது. "இன்னும் முழுசா வரேல்லை அம்மா. சரணத்திலை நிக்கிறா," என்றார்.

அந்த அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, தன் மகளுக்கு எப்போது கலியாணம் சரிவரும் என்று என்னிடம் கேட்டார். நான் கண்ணைத் திறக்கவில்லை. இறங்குகிற இடம் வரை திறக்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்தும் உண்டு. பரீட்சைப் பாட்டை என்னையும் கடைசி வரியிலிருந்துதான் பழக வைத்தார் அக்கா. நான் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வாசிக்கத் தயாராக இருந்தேன். அக்கா விடமாட்டார். ஒரு கடினமான இடம் ஒழுங்காக வந்ததும் வயலினைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். "மூளை அதை அடுக்கி வைக்கட்டும், நீர் போய்த் தேத்தண்ணி குடியும்," என்பார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்து, "இப்ப வாசியும்!" என்பார். தலையில் சீயாக்காயோடு குளியலறையிலிருந்து இழுத்து வந்து வாசிக்க வைத்திருக்கிறார். அதுவும் தொடக்கத்திலிருந்து அல்ல. "அனுபல்லவி ரெண்டாம் வரி!" "சரணம், நடுவிலை!" என்று நினைத்த இடத்தைச் சொல்வார். அந்த இடத்திலிருந்து நான் புறப்பட வேண்டும். எனக்கு நாளடைவில் நடுவிலிருந்து தொடங்குவது சாதாரணமாகிவிட்டது. வீட்டுக்குப் போன் எடுத்தால்கூடக் கதையை நடுவிலிருந்து தொடங்கி அம்மாவைக் குழப்பினேன்.

பரீட்சைக்கு முந்தைய மாதம்தான் பெரிய பயிற்சி தொடங்கியது. சத்தம்! எந்தச் சத்தத்திலும் மனம் சிதறாமல் வாசிக்கப் பழக வேண்டும் என்று ஒரு நிபுணர் சொன்னாராம். அக்கா என்னையும் வயலினையும் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், புல்மோட்டை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து மர வாங்கில் இருத்தினார். என் காதுக்குள் கொண்டக்டர், "நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை! நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை!" என்று கத்திக்கொண்டேயிருப்பார். அந்தக் கத்தலுக்குள் நான் மோகனம் வாசித்தேன். முதல் சில நாள் எனக்குப் பாட்டு மறந்து ஊர்ப் பெயர்கள் மட்டும் நினைவில் நின்றன. பிறகு மெல்ல மெல்ல இரண்டும் ஒத்துப்போயின. கொண்டக்டர் மூச்சு விடுகிற இடத்தில் நான் வில்லைத் திருப்பினேன்.

துறைமுகப் பக்கம் போய்க் கப்பல் சங்கொலிக்கு நடுவிலும் வாசித்தேன். கடற்கரையோரம் வாசித்தபோது நகரத்தில் உலாவும் மான்களில் ஒன்று பின்னால் வந்து, சுரம் எழுதி வைத்திருந்த தாளை மென்று விழுங்கிவிட்டது. நான் பதறினேன். அக்கா மானைத் தடவிக்கொடுத்தார். "நல்லதாப் போச்சு. இனிப் பார்க்காமல் வாசியும்."

வீட்டிலும் தப்பவில்லை. எங்கள் போடிங்கில் இருந்த கிண்ணியாக்காரி நஸ்ரின், மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், சட்டி பானைகளை உருட்டும் பொறுப்பை மனமுவந்து ஏற்றாள். அன்ரி தொலைக்காட்சி நாடகத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிறகு ஒரு வெள்ளோட்டமும் நடந்தது. அக்கா, அன்ரி, நஸ்ரின் மூவரும் கதிரை போட்டுப் பரீட்சகர்களாக உட்கார்ந்தார்கள். நான் கதவைத் தட்டி, உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, பாயில் அமர வேண்டும். அன்ரி வணக்கத்தோடு நித்திரையானார். நஸ்ரின் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "புள்ள, ஒங்களுக்குக் கலியாணம் முடிஞ்சா? மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். நான் அசையாமல் வாசித்து முடித்தேன்.

"அல்லாஹ்வே! இவளுக்குக் காது கேக்குதா இல்லையா?" என்றாள் நஸ்ரின்.

உண்மையிலேயே நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இடி விழுந்தாலும் என் வில் நடுங்காது என்று அக்காவும் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

பரீட்சை நாளும் வந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். பரீட்சை நடந்த அலுவலகத்துக்குள் பரீட்சார்த்திகளை மட்டும்தான் விடுவார்கள் என்பதால் அவர் கீழே தோட்டத்தில் காவலாளிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். நான் மாடியேறினேன். நெஞ்சு அடித்தது. பழகிய அடிதான். 'ஆயத்தமாகிறேன்' என்று சொல்லிக்கொண்டேன். விரல் குளிர்ந்தது. மீன் மணம் இல்லாத குளிர், அவ்வளவுதான் வித்தியாசம். கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி, பாயில் அமர்ந்தேன். எல்லாம் அச்சொட்டாக அக்கா சொன்னபடியே நடந்தது. பின்னால் யாரோ கதவை மெதுவாகச் சாத்தினார்கள்.

அப்போதுதான் விளங்கியது. சத்தமே இல்லை.

யன்னல்கள் மூடியிருந்தன. நிலத்தில் தடித்த விரிப்பு. ஏசி புத்தம் புதியது, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக என்னையே பார்த்தார்கள். அப்படியொரு அமைதியில் நான் ஒரு மாதமாக வில்லை எடுத்ததே கிடையாது. என் கண் இமை மூடித் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. தந்தியில் வைக்கப்போன வில் துள்ளியது. இரண்டு முறை பார்த்த அதே துள்ளல்.

"தொடங்குங்கோ," என்றார் நடுவில் இருந்த பெரியவர்.

"ஐயா, ஒரு சின்ன உதவி," என்றேன். என் வாய் தானாகப் பேசியது. "நீங்கள் மூண்டு பேரும் கொஞ்ச நேரம் எதையாவது கதைச்சுக்கொண்டிருக்க ஏலுமோ?"

பெரியவர் குழம்பிவிட்டார். "நாங்களோ? என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னவெண்டாலும் பரவாயில்லை ஐயா. வீட்டுப் பிரச்சினை, விலைவாசி…"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வாசிப்பைக் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பரீட்சார்த்தியை அவர்கள் அதுவரை கண்டிருக்கமாட்டார்கள். கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர் இருந்தார். "பிள்ளை, நாங்கள் கேக்கிறதுக்குத்தான் வந்திருக்கிறம்," என்று மிக அன்பாகச் சொன்னார். அந்த அன்பில் என் வில் இன்னும் கூடத் துள்ளியது.

"அப்ப யன்னலையாவது திறக்கலாமோ?"

மூன்றாமவருக்குத் தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவர், "எனக்கும் இந்தக் குளிர் ஒத்துவரேல்லை," என்று எழுந்துபோய் யன்னலைத் திறந்துவிட்டார். நான் ஆவலோடு காதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை. தெருவில் ஒரு ஓட்டோ இல்லை. காகங்களும் அன்று லீவு. வேறு வழியில்லாமல் வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தேன். வயலின் இருமியது. நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன். மறுபடி இருமியது. ரயர்களுக்கு நடுவில் தம்பி போட்டுவைத்த கதிரை எனக்கு அந்த மேசைக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த நேரத்தில் கீழே தோட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏய்! மானை ஆர் உள்ளுக்கு விட்டது? பூக்கண்டெல்லாம் தின்னுது! நீர் என்ன காவல் பாக்கிறீர்? நித்திரையோ? ஏய்! மான்! மான்!"

காவலாளி ஒரு சிங்களப் பெரியவர். "மொகத நோனா? கோ முவா?" என்று அவர் பதறுவது கேட்டது. மான் எங்கே, மான் எங்கே என்று அவர் குரோட்டன் செடிகளுக்குள் குனிந்து தேடினாராம். தோட்டத்தில் மானே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இல்லாத மானை அவர் தேடத் தேட அக்கா இன்னும் உரக்கக் கத்தினார். மான் அந்தப் பக்கம் போகுது, இல்லை இந்தப் பக்கம் போகுது, இரண்டு மான், மூன்று மான் என்று கத்தினார். என் கை வில்லை அழுத்திப் பிடித்தது. நான் பல்லவியை எடுத்தேன்.

வில் துள்ளவில்லை. நேராகப் போய், நேராக வந்தது. கீழே மான் சண்டை உச்சத்தில் இருக்க, மேலே மோகனம் தன் பாட்டில் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு மான் முடிந்துவிட்டது. ஒரு கணம் அமைதி. என் வில் லேசாகத் தயங்கியது. முதலில் கேட்ட இருமலைப் போலவே இந்தத் தயக்கமும் யன்னல் வழியாகக் கீழே கேட்டிருக்க வேண்டும்.

"நிலாவெளி! குச்சவெளி! புல்மோட்டை!" என்று தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார். "நிலாவெளி! குச்சவெளி! புல்மோட்டை!"

அதன் பிறகு எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. நடுவில் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தி, "சரணத்திலை அந்த ரெண்டாம் வரியிலை இருந்து ஒருக்கா வாசியுங்கோ," என்றார். சீயாக்காய்த் தலையோடே அதைச் செய்தவளுக்கு இது ஒரு வேலையா? சட்டென்று புறப்பட்டேன். மேலே போகப் போக நன்றாகத் தெரிந்த இடங்கள் வந்துகொண்டேயிருந்தன. வாசித்து முடித்ததும் அம்மையார் தலையாட்டினார். பெரியவர் மட்டும் இன்னும் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழை என்ன நடக்குது?"

"ஆரோ பஸ்ஸுக்கு ஆள் சேக்கினம் போலை," என்றார் தடிமன்காரர்.

"இந்த வளவுக்குள்ளை எப்ப இருந்து பஸ் ஓடுது?" என்று பெரியவர் கேட்டார்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். தோட்டத்தில் சிறு கூட்டம். புல்மோட்டை பஸ் எங்கே என்று பையோடு நின்ற ஒரு கிழவர் காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கைகள் நடுங்கின.

அக்காவைப் பற்றி ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. அவர் தன் வாழ்நாளில் ஒரு மேடையிலும் ஏறியவரல்ல. கந்தோரில் மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துவிடுகிறவர். கடையில் மிச்சக் காசு தராவிட்டாலும் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வருகிறவர். நாலு பேர் பார்க்க அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

காவலாளி என்னைப் பார்த்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் கூட இருந்தது. "நோனா, இந்தாள்… ஒங்கட ஆளா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"ஓம், என்ரை அக்கா," என்றேன்.

அக்கா நிமிர்ந்தார். குரல் முற்றாக அடைத்துப்போயிருந்தது. காற்று மட்டும் வந்தது. "வந்ததோ?"

"வந்ததக்கா."

"அப்ப சரி. வாரும், கெதியாப் போவம். எனக்கு வெக்கமாக்கிடக்கு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சத்தத்தில் பழகச் சொன்ன அந்த நிபுணரின் வீடியோவைத் தேடியெடுத்து, முதல் முறையாக முடிவு வரை பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் வந்து, அடைத்த குரலில், "சொல்லியிருக்கிறார் பிள்ளை. அமைதியான இடத்திலையும் இருந்து பழகவேணுமெண்டு கடைசியிலை வடிவாச் சொல்லியிருக்கிறார்," என்றார். அவரைத் திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

சில மாதங்களில் நியமனம் கிடைத்தது. எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? புல்மோட்டையில். "நான் அண்டைக்கே ஊர் முழுக்கக் கேக்கச் சொன்னனான்தானே," என்று அக்கா பெருமைப்பட்டார். ரயர் கடைக் கதிரையில் இப்போது தம்பியே உட்கார்ந்திருக்கிறான். அது மிகவும் வசதியான கதிரை, நீ வராதது நல்லது என்கிறான்.

அன்றைக்கு என்னை வாசிக்க வைத்தது எது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. மாடிப்படியா, ஐஸ்கட்டியா, பின்னாலிருந்து பழகியதா? அல்லது எனக்காகக் கீழே ஒருத்தி தன்னையே மறந்து கத்திக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பா? அக்காவைக் கேட்டால் நரம்பு, மூளை என்று தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார். அவருக்குக் கொழும்புக் கந்தோருக்கு மாற்றலாகி இரண்டொரு வருடமாகிறது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நான் அவரிடம் நேரே சொன்னதில்லை. சொன்னால் வியர்த்துவிடும்.

இப்போதெல்லாம் நான் கோயில் மேடைகளிலும் வாசிக்கிறேன். வில் நடுங்குவதில்லை. ஆனாலும் சபை அடங்கி எல்லாரும் என்னைப் பார்க்கிற அந்த ஒரு கணத்தில் என் காது தானாக எழுந்து வெளியே போய்விடுகிறது. அக்கா வந்திருக்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், வாசல் பக்கம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.